வால் போன ‘மு’

ஜூன் 23, திங்கள்

சாரல். விடியற்காலையிலிருந்து நிற்கவில்லை. மாடிக் கொடியில் போன சீசனில் காயப்போட்ட வேட்டி இன்னும் ஈரம்.

இன்று முதல் இந்த நோட்டில் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, குற்றால மலையைச் சாட்சி வைத்து உறுதி கூறுகிறேன். நானே நம்புவேனா என்பது சந்தேகம். ஆனாலும் எழுதிவைக்கிறேன். பிற்காலத்தில் சரித்திர ஆசிரியர்கள் தேடி அலையக் கூடாது.

இன்றைய வேலை: கோ.வின் மையத்துக்கு நாற்பத்தொரு சான்றிதழ் அச்சடிப்பது.

கோ. என்றால் கோமதி, என் சித்தப்பா மகள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தென்காசியில் வீட்டு நர்ஸ் பயிற்சி மையம் நடத்துகிறாள். ஆறு மாதப் படிப்பு. முடித்த பெண்களில் பாதிப்பேர் செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடுவார்கள். மையத்தின் பதிவேடு முழுக்க டேட்டாபேஸ். அதை உண்டாக்கிய பிரம்மா அடியேன். ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருஷம் ஆட்சி செய்தவன். நான் ஒரு வரி எழுதினால் வெளிநாட்டில் இரண்டு கம்பெனி மூடும். (வீட்டுக்காரி மங்கை இந்த வரியைப் பார்த்தால் சிரிப்பாள். பார்க்கமாட்டாள்.)

இந்த வருஷம் புதுமை. சான்றிதழ் மேலே தமிழ், கீழே ஆங்கிலம். முன்பெல்லாம் வெறும் ஆங்கிலம். இன்னொரு புதுமை, சேர்க்கை ஃபார்மைப் பெண்களே நிரப்பினார்கள். முன்பெல்லாம் கோ. கேட்டுக் கேட்டு அடிப்பாள்.

நாற்பத்தொன்றும் அடித்தாயிற்று. என் கலையழகில் நானே மயங்கி நின்றேன். கோ. முத்திரை குத்திக்கொண்டே வந்தவள் பதினேழாவதில் நின்றாள்.

“அண்ணே, இது யாரு?”

வாங்கிப் பார்த்தேன். ‘இதனால் சான்றளிப்பது யாதெனில்’ இருக்கிறது. ‘என்பவர் பயிற்சியைச் சிறப்பாக முடித்துள்ளார்’ இருக்கிறது. நடுவில் வெள்ளை. ஆங்கில வரியிலும் வெள்ளை. ஆள் இல்லாமலேயே சிறப்பாக முடித்திருக்கிறது.

மை தீர்ந்திருக்கும் என்றேன். பதினெட்டாவது பளிச்சென்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பதிவேட்டைத் திறந்தோம். 17: செண்பகம். பிறந்த தேதி இருக்கிறது. ஊர் இருக்கிறது. அப்பா பெயர்: காலி.

காரணம் உடனே புரிந்துவிட்டது. உடனே என்றால் ஒன்றரை மணி நேரத்தில். எழுதிவைக்கிறேன்.

மூல விவரம் எல்லாம் இருக்கும் இடம் டேபிள். மலைமேல் தண்ணீர் மாதிரி. அங்கே யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. கோ.வின் திரையில் தெரிவது வியூ. அதுதான் அருவி. அதே தண்ணீர், பார்க்க அழகாக விழுகிறது. அந்த வியூவில் மூன்று கட்டங்களை யாரும் நிரப்பவேண்டாம். தாமே கணக்குப் போட்டுக்கொள்ளும். வயது, பிறந்த தேதியிலிருந்து. முன்னெழுத்து, அப்பா பெயரின் முதல் எழுத்திலிருந்து. சான்றிதழ்ப் பெயர், முன்னெழுத்தையும் ஒரு புள்ளியையும் பெயரையும் ஒட்டி.

அப்பா பெயர் இல்லை, ஆகவே முன்னெழுத்து இல்லை. கம்ப்யூட்டரின் சட்டத்தில், இல்லாத ஒன்றை எதோடு ஒட்டினாலும் அதுவும் இல்லாமல் போகும். செண்பகம் என்ற ஐந்து எழுத்தும், ஒரு புள்ளியும், காணாமல்போன ஒரு எழுத்தோடு சேர்ந்து ஊரைவிட்டே போய்விட்டன.

பேனாவால் எழுதிக் கொடுத்துவிடலாமே என்றாள் கோ. முடியாது. சான்றிதழ் மூலையில் க்யூஆர் கட்டம் வைத்திருக்கிறேன். போனில் காட்டினால் பதிவேட்டு வியூ திறந்து பெயரைக் காட்டும். காகிதத்தில் ஒன்று, போனில் வெள்ளை என்றால் போலிச் சான்றிதழ் என்பார்கள். அந்தக் கட்டத்தை வைக்கச் சொன்ன மகாமேதை யார்? அடியேன்.

சாயங்காலம் மங்கையிடம் சொன்னேன். “ரெண்டு வருசமா, என் ப்ரோக்ராமுக்குத் தப்புன்னா என்னன்னே தெரியாதுன்னு சொன்னிய. அறிமுகம் ஆயிட்டாக்கும்” என்றாள். தோசை நன்றாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சாரல், வெயில், மறுபடி சாரல். ஒரே நிமிஷத்தில் மூன்றும்.

வாங்கவேண்டியது: பிரிண்டர் மை. கொசுவத்தி. கண்ணாடிக்குப் புதுக் கயிறு.

செண்பகத்தை வரச் சொல்லியிருந்தாள் கோ. இருபத்துநாலு வயது. ஒடிசலான பெண். ஆனால் ஒரு நோயாளியைத் தனியாளாகக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பதில் மையத்திலேயே கெட்டிக்காரி என்று கோ. சொன்னாள். வெள்ளைச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து ஆதாரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மு. செண்பகம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புனலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்முகம். சான்றிதழில் பெயர் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கவேண்டும், க்யூஆரைச் சோதிப்பார்கள் என்று போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அடுத்த வாய்ப்பு எப்போதென்று தெரியாது.

அப்பா பெயர் என்னம்மா என்றேன், முனியாண்டியோ முருகனோ என்று நினைத்துக்கொண்டு.

தெரியும் சார், எழுதவேண்டாம் என்றாள். ‘மு’ அம்மாவின் எழுத்து. அம்மா முப்புடாதி, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறாள். அப்பா என்பவர் இவள் தவழும்போதே போய்விட்டார். செத்துப்போகவில்லை. வெறுமனே போய்விட்டார்.

கோ.வுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, சும்மா ஒரு பேருக்கு எழுதிட்டுப் போயேன்.”

“அந்த ஒரு பேருக்குத்தான மேடம் இம்புட்டு நாளா எழுதாம இருக்கேன்.”

கோ. முத்திரையைத் தேடுவதுபோல் உள்ளே போனாள்.

இது ஐந்து நிமிஷ வேலை என்று செண்பகத்துக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் போன பிறகு சோதனைகள்:

ஒன்று. வியூவிலேயே புதிதாக ஒரு வரி சேர்த்து, முன்னெழுத்துக் கட்டத்தில் ‘மு’ என்று அடித்தேன். மறுப்பு. இந்தக் கட்டத்தில் எழுத முடியாது, இது கணக்கு என்றது.

இரண்டு. முன்னெழுத்தை விட்டுவிட்டு பெயரும் பிறந்த தேதியும் மட்டும். ஏற்றுக்கொண்டது! டேபிளுக்குள் போயிருக்கிறது. ஆச்சரியம், கீழே நின்று ஊற்றிய தண்ணீர் மலைமேல் ஏறிவிட்டது. ஆனால் சான்றிதழ்ப் பெயர் பழையபடி வெள்ளை.

மூன்று. என்னையே பயிற்சிக்குச் சேர்த்து, வயது 19 என்று போட்டேன். மறுப்பு. வயதை விட்டுப் பிறந்த தேதியைப் போட்டேன். 63 என்று காட்டியது. மரியாதை தெரியாத சாமான்.

யோசித்தால் நியாயம்தான். பெயருக்கு டேபிளில் ஓர் இடம் இருக்கிறது, அதனால் வியூ வழியாகப் போட்டாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. முன்னெழுத்துக்கு அங்கே இடமே கிடையாது. பார்க்கும்போது பிறந்து, பார்த்து முடித்ததும் மறைகிற எழுத்து. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐந்தருவியில் குளிப்பவன் தலையிலிருந்து சிதறுகிற திவலையைப் பிடித்து, இதை மேலே அதே இடத்தில் வைத்துவிட்டு வா என்றால் யார் போவார்கள்?

ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. பொய்யே ஏற்காத ஒரு கட்டத்தை நான் உண்டாக்கியிருக்கிறேன். நான்! மங்கை முப்பத்தைந்து வருஷமாக என்னிடம் முயன்று தோற்ற காரியம்.

ஜூன் 25, புதன்

பெரிய யோசனைகள் தலையில் தண்ணீர் விழுந்தால்தான் வரும். ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன்.

அருவியில் இன்று விழுந்த தண்ணீரைத் திருப்பிவிட்டால் ராமநாதபுரம் வரை மூன்று போகம் விளையும். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி, விசிலுக்கே தொண்டை கட்டிவிட்டது. ஆண்கள் பக்கம் நின்றேன். தண்ணீர் என்னைத் தூக்கி, பழக்கடை வாசலில் நிதானமாக இறக்கிவிட்டது. துண்டு போய்விட்டது. சாயங்காலம் அது பாவூர்சத்திரத்தில் ஒரு தக்காளி லாரிமேல் காய்ந்துகொண்டிருந்ததாகத் தகவல்.

பக்கத்தில் குளித்த மதுரைக்காரர் ஒருவர், இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது என்று கேட்டார். மேலே டேபிள் இருக்கிறது என்றேன். அந்தப் பெயரில் ஒரு மலையா என்று வியந்து, மனைவியிடம் சொல்லப் போனார்.

ரம்புட்டான் கால் கிலோ. புளிப்பு.

யோசனை அங்கேதான் உதித்தது. கட்டம் பொய் ஏற்காது, சரி. ஆனால் கணக்குக்கு அடியில் இருக்கிற விவரத்தில் பொய் சொன்னால்? அப்பா பெயர் என்ற கட்டத்தில் முப்புடாதி என்று அடித்தால், முதல் எழுத்து தானாக வந்துவிடும். கட்டத்துக்கு ஆணா பெண்ணா என்று தெரியவா போகிறது? இத்தனை எளிய பொய் இரண்டு நாளாக எனக்குத் தோன்றவில்லை என்பதில்தான் வருத்தம். வயதாகிறது.

ஈர வேட்டியோடு நேரே மையம். 17ஆம் எண்ணில் அடித்தேன். வியூ மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றது. சான்றிதழ் அடித்தேன். பெயர் வந்துவிட்டது! கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் தூரத்திலிருந்தே ரசித்தேன். கவரில் போட்டு ஒட்டினேன்.

கோ. சுக்குக் காபி கொடுத்தாள். உங்களுக்கு மூளை எங்கதான் இருக்கோ என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

காற்று. சாரல் இல்லை. மாடியில் வேட்டி காய ஆரம்பித்திருக்கிறது. எனக்கு இன்று நாள் சரியில்லை.

பதினொரு மணிக்குச் செண்பகம் வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. முப்புடாதி மார்க்கெட்டில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சேலையில் வெங்காயச் சருகு. மகள் படித்து வாங்குகிற காகிதத்தை முதலில் தான் பார்க்கவேண்டும் என்று வந்தாளாம். உட்காரச் சொன்னோம். நுனியில் உட்கார்ந்தாள்.

கவரைப் பிரித்துக் கொடுத்தேன், பேரரசர் பட்டயம் வழங்குகிற தோரணையில்.

முப்புடாதி அதிகம் படித்தவள் இல்லை. கையெழுத்துப் போடும் அளவுக்கு எழுத்து தெரியும். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். விரலை எழுத்தின்மேல் படாமல் வைத்துக்கொண்டு தேடினாள்.

“மு-வுக்கு வாலக் காணோமே அண்ணாச்சி.”

இன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். பார்த்தேன். ம. செண்பகம்.

இப்போதெல்லாம் அச்சில் வால் வைப்பதில்லை, புது மோஸ்தர் என்றேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது. பழக்கதோஷம்.

“வால எடுத்துட்டா அது வேற எழுத்துல்லா?”

அடுத்த பொய்யைத் தேடினேன். அதற்குள் செண்பகம் இரண்டாவது வரியைப் படித்துவிட்டாள். சத்தமாக இல்லை. ஆனால் கேட்டது. தந்தை பெயர்: முப்புடாதி.

சான்றிதழில் அப்படி ஒரு வரி இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன். பொய் சொல்வதில் முப்பத்தைந்து வருஷ அனுபவம் இருந்தும் இப்படி.

முப்புடாதி கோபப்படவில்லை. அதுதான் சங்கடம். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப்போலக் கேட்டாள்.

“என்னைய எதுக்கு அண்ணாச்சி ஆம்பளையாக்குதிய? பொம்பளையா இருந்துதான இவள வளத்தேன்.”

கோ. என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

பிறகு அவளே சொன்னாள். செண்பகத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, டீச்சர் கேட்காமலேயே அப்பாவின் எழுத்தைப் போட்டுவிட்டாராம். எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்றாராம். முப்புடாதி வாசலிலேயே நின்றிருக்கிறாள். காலை மணி அடித்தது, மத்தியான மணி அடித்தது, போகவில்லை. சாயங்காலம் பெரிய டீச்சர் வந்து, அடித்துத் திருத்தி, ‘மு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகுதான் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

“அது தானா வந்த எழுத்தில்ல அண்ணாச்சி. கேட்டு வாங்குனது.”

நாளைக்குள் சரிசெய்கிறேன் என்றேன். ஐந்து நிமிஷம் என்று சொல்லவில்லை. முப்புடாதி எழுந்து, சருகை உட்கார்ந்த இடத்திலிருந்து பொறுக்கி, சேலைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. (ஒரு சொம்பு மோரும் நாலு இட்லியும் சாப்பாட்டில் சேராது.)

வால் போன கதையைத் துப்பறிந்தேன். ‘மு’ நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு ‘ம’ ஒன்று, வால் ஒன்று, ஆக இரண்டு. முதல் எழுத்தை எடு என்று நான் சொன்னேன். அது ‘ம’வை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது, அதனால் இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

அப்போது உறைத்தது. மற்ற நாற்பது?

எடுத்துப் பார்த்தேன். மாடசாமி மகள்: ம. சுடலைமுத்து மகள்: ச. கோபால் மகள்: க. பேச்சிமுத்து மகள்: ப. காலும் கொம்பும் வாலும் அத்தனையும் மழித்து, ஊருக்கே மொட்டை போட்டிருக்கிறேன். தப்பித்தவர்கள் கணபதி, இசக்கி, பரமசிவம் போன்ற சிலர்.

அதைவிடக் கொடுமை ஒன்று. நாலு பெண்களுக்கு முன்னெழுத்து ‘ல’. லட்சுமணன்கள் திடீரென்று பெருகிவிட்டார்களா என்று பதிவைத் திறந்தால், அப்பா பெயர்: லேட் மாரியப்பன். லேட் ஐயப்பன். லேட் சங்கரன். லேட் செல்லத்துரை. செத்துப்போன அப்பாக்கள் அத்தனை பேரையும் என் கணக்கு ஒரே குடும்பமாக்கியிருக்கிறது. ஆங்கிலத்திலும் அவர்களுக்கு எல்.

முத்திரை குத்தியது கோ., அச்சடித்தது நான், இரண்டு பேருமே எழுத்தைப் பார்க்கவில்லை. நாலு எழுத்து மட்டும் தெரிந்த முப்புடாதி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் சான்றிதழ் விழாவில் இதைத்தான் மேடையில் வைத்துக் கொடுத்திருப்போம்.

மங்கையிடம் முழுவதும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அவளுக்குச் சந்தேகம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 27, வெள்ளி

சாரல். காலை ஐந்தரைக்கே மையத்தில். கோ. சாவியோடு வந்தாள். முகத்தில் தூக்கம். என்மேல் நம்பிக்கை கொஞ்சம்தான் மிச்சம்.

நேற்று முழுக்க முப்புடாதி சொன்னதே தலைக்குள். தானாக வருவதற்குத்தான் கணக்கு. கேட்டு வாங்கியதைக் கணக்கில் விடக் கூடாது, டேபிளில் வைக்கவேண்டும். முப்பது வருஷம் மில்லில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செய்தவை:

டேபிளில் ‘கேட்ட எழுத்து’ என்று புதிதாக ஒரு கட்டம். அம்மா பெயருக்கு ஒன்று. லேட் என்பதற்குத் தனியாக ஒன்று, பெயரோடு ஒட்டாமல்.

கணக்கை மாற்றினேன். கேட்ட எழுத்து இருந்தால் அதுதான் முன்னெழுத்து. இல்லையென்றால் மட்டும் அப்பா பெயரிலிருந்து எடு. எடுக்கும்போது காலோ கொம்போ வாலோ பின்னால் வந்தால் அதையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு எழுத்துமே இல்லாவிட்டால் பெயரை மட்டும் காட்டு. எந்தப் பெண்ணின் பெயரும் இனி வெள்ளையாகக் கூடாது.

சான்றிதழ் இரண்டாவது வரி: அப்பா அல்லது அம்மா, யார் இருக்கிறார்களோ அவர்கள்.

இதன்பிறகும் வியூவில் ‘மு’ என்று அடித்தால் மறுத்தது. முன்னெழுத்து இன்னமும் கணக்குக் கட்டம்தானே. கோ.வோ வியூவைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். அதனால் வாசலில் ஓர் ஆளை உட்காரவைத்தேன். பெயர் ட்ரிக்கர். வியூவில் யார் எதைச் சேர்க்க வந்தாலும் வியூ நேரடியாக வாங்காது. அதற்குப் பதிலாக இந்த ஆள் வாங்கிக்கொண்டு, மலைமேல் ஏறி, எது எங்கே போகவேண்டுமோ அங்கே வைத்துவிட்டு வருவான். முன்னெழுத்தில் யாராவது அடித்தால் அதை ‘கேட்ட எழுத்து’ கட்டத்தில் வைப்பான். வயதில் யாராவது அடித்தால், மரியாதையாக வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் எறிந்துவிடுவான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் யோசனைகளுக்கு நடப்பதும் இதுதான்.

முதல் சோதனை. பழைய 17ஐ அழித்துவிட்டு, வியூ வழியாகவே புதிதாகச் சேர்த்தோம். பெயர் வந்தது. எழுத்து வந்தது. வயது வரவில்லை. பிறந்த தேதியை எடுத்துப்போகச் சொல்ல மறந்திருக்கிறேன். ஆள் அதைக் கீழேயே போட்டுவிட்டான். நாம் சொல்லாததை அவன் செய்யமாட்டான். சொன்னேன். மறுபடி சேர்த்தோம். எல்லாம் வந்தது.

திரையில்: மு. செண்பகம். வயது 24. தாய் பெயர்: முப்புடாதி.

கோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, திரையில் விரல் வைத்துக் காட்டினாள். “வால் இருக்குண்ணே.”

அதன்பின் மற்ற நாற்பதையும் அவள் சத்தமாகப் படிக்க, நான் ஃபார்மோடு ஒத்துப்பார்த்தேன். லேட் வருகிற நாலு இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அந்த நாலு அப்பாக்களில் இருவர் அவள் வார்டில் இருந்தவர்களாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. இரண்டரைக்கு வந்தது. நாற்பதையும் அடித்தேன். பதினேழை மட்டும் கடைசியில் அழகாக அடிக்கலாம் என்று வைத்திருந்தேன். அதை அனுப்பியதும் கரண்ட் போனது. ஆறு மணிவரை காத்திருந்தோம். வரவில்லை. செண்பகத்துக்குப் போன் செய்து, காலையில் அடித்து ஸ்டேஷனுக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி சார் என்றாள்.

மங்கையிடம், காலையில் சீக்கிரம் எழுப்பு என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அலாரம் இரண்டு வைத்திருக்கிறாள்.

ஜூன் 28, சனி

கரண்ட் இருந்தது! அச்சடித்தேன். இந்தச் சாரல் காற்றில் மை காய்வதாக இல்லை. ஊதினேன். விசிறினேன். கவரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். திறந்த ஃபைலில் வைத்து, மேலே குடை, கீழே நான் நனைந்தபடி ஸ்டேஷன். அடியேன் ஸ்கூட்டரில் வந்த வேகத்துக்கு, வழியில் இரண்டு ஆம்புலன்ஸ் ஒதுங்கி வழிவிட்டன.

பிளாட்பாரத்தில் செண்பகம், வெளுத்த சேலையில். பக்கத்தில் முப்புடாதி. ஃபைலை நீட்டினேன். தொடவேண்டாம், ஈரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் முப்புடாதி விரலை வைத்துவிட்டாள். வால் நிஜமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறாள். விரலை எடுக்கும்போது வால் கூடவே வந்தது. மு-வின் அடியிலிருந்து ஒரு நீலக் கோடு, செண்பகம் என்ற பெயருக்குக் கீழே ஓடி, காகிதத்தின் ஓரம்வரை. தென்காசி மாவட்டத்திலேயே நீளமான வால்.

முப்புடாதி விரலைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. வேறு அடித்துவர நேரமில்லை. ரயில் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்ல ஒரு பொய்கூட வரவில்லை.

செண்பகம் ஃபைலை வாங்கிக்கொண்டாள். “இருக்கட்டும்மா. இதுவும் நீ போட்டதுதான்” என்று சொல்லி ஏறிவிட்டாள்.

நாங்கள் இருவரும் நின்றோம். முப்புடாதி விரலைச் சேலையில் துடைக்கவில்லை. அப்படியே பாவூர்சத்திரம் பஸ்ஸுக்குப் போனாள்.

மத்தியானம் இரண்டு மணி. செண்பகத்திடமிருந்து போன். க்யூஆரைப் போனில் காட்டினார்களாம், பெயர் வந்ததாம். ஆதாரோடு ஒத்துப்பார்த்தார்களாம், அதுவும் ஆங்கில வரியை. கவுண்டரில் இருந்த மலையாளச் சகோதரிக்குத் தமிழே படிக்கத் தெரியாதாம். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம், தங்க இடமும் உண்டாம். அந்த நீலக் கோட்டைக் காட்டி ‘இதெந்தா’ என்று மட்டும் கேட்டார்களாம்.

“வால்னு சொன்னேன் சார். அவங்களுக்கு வெளங்கல.”

கோ.வுக்குச் சொன்னேன். மங்கைக்குச் சொன்னேன். மங்கை, இதில் எவ்வளவு நிஜம் என்று கேட்டாள். வழக்கமாக, அத்தனையும் என்பேன்.

சரி, எழுதியே வைக்கிறேன். அருவி என்னைத் தூக்கவில்லை, பாசியில் வழுக்கினேன். துண்டு பஸ்ஸில் மறந்தது. ஆம்புலன்ஸ் ஒன்றும் ஒதுங்கவில்லை, நான்தான் ஒரு மாட்டுக்கு ஒதுங்கினேன். ட்ரிக்கர் இரண்டாவது தடவையிலேயே சரியாக வந்தது என்று மேலே இருப்பது பொய், ஒன்பதாவது தடவை. வேட்டியைக் காயப்போட்டது இந்த வருஷம்தான். அந்த நீலக் கோடு ஓரம்வரை போகவில்லை, ஓர் அரிசி நீளம் இருக்கும்.

ஆனால் வால் இருந்தது. அது மட்டும் உண்மை.